கத்திரி வெயிலில் முறுக்கிய போல்ட், மைனஸ் 25 டிகிரியில்

உடைந்த பட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது அதில் ஈரம் காயவில்லை. கண்ணாடி நாரும் எபாக்சி பிசினும் சேர்ந்த பட்டை, 8 மி.மீ. தடிமன். நுனியில் மட்டும் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடுகள். போல்ட் துளையிலிருந்து விளிம்புவரை ஒரு துண்டு அப்படியே உருவிக்கொண்டு வெளியே வந்திருந்தது. பனை ஓலையில் ஆணி அடித்து இழுத்தால் நார்வாக்கில் கிழிந்து வருமே, அதே மாதிரி.

வாலாஜாபேட்டைக்கும் வேலூருக்கும் நடுவே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குளிர்பதனக் கிடங்கு அது. உள்ளே ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும். வெப்பம் மைனஸ் 25 டிகிரி. குளிர்க்காற்றை ஊதும் காயில் யூனிட் கூரையிலிருந்து நான்கு பட்டைகளில் தொங்குகிறது. ஒரு சனிக்கிழமை மாலை, காயிலில் கட்டிப்போன பனியை ஒரு பையன் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம். யூனிட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மற்ற மூன்று பட்டைகள் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வந்தது.

"இன்னா சார், 700 கிலோகூட இல்ல. நாலு பட்டை. இதுக்கெல்லாம் உடையலாமா?" என்று பட்டையைச் செய்துகொடுத்த பட்டறைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் அனுபவம் இல்லாதவரும் அல்ல. ராணிப்பேட்டையில் இரும்பு வேலையில் முப்பது வருடம் ஊறியவர். அந்த முப்பது வருடப் பழக்கமும் இதில் ஒரு காரணம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே பிறகுதான் தெரிந்தது.

ஏன் ஃபைபர், ஏன் நடுவில் அலுமினியம்

முன்பு இங்கே எஃகு ராடுகள்தான் இருந்தன. குளிர் அறையின் கூரை பஃப் பேனல், அதாவது நடுவில் காப்பு நுரை அடைத்த பலகை. அதைத் துளைத்துக்கொண்டு ராடு மேலே மச்சுக்குப் போகும். எஃகு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் உள்ளிருக்கும் குளிர் ராடு வழியாக மேலே ஏறி, மச்சில் ராடு முழுக்க வியர்த்துக் கொட்டும். அந்தத் தண்ணீர் பேனலுக்குள் இறங்கி, காப்பு நுரை ஊறி, அங்கேயே உறைந்து பேனல் வீங்கிவிடும். கண்ணாடி நார்ப் பட்டை கடத்தும் வெப்பம் எஃகு கடத்துவதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதனால் மாற்றியது சரியான முடிவு. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் ஃபைபர் பட்டைக்குப் போல்ட் துளை என்றால் ஆகாது. எஃகில் துளை போட்டால் துளையோரத்தில் குவியும் அழுத்தத்தில் உலோகம் கொஞ்சம் இளகி, சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். நாரும் பிசினும் அப்படி இளகாது. நார் அறுந்தால் அறுந்ததுதான். இதற்கு ஒரு வழி, போல்ட் வருமிடத்தில் மட்டும் சில நார் அடுக்குகளை எடுத்துவிட்டு உலோகத் தகடு வைப்பது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆரில் கார்பன் நார்ப் பலகைகளின் துளைப் பகுதியில் டைட்டேனியம் தகடுகளை வைத்து இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பலகை முழுக்கவே அலுமினியமும் கண்ணாடி நாரும் மாறி மாறி வருவது இன்னொரு வகை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கிளேர் என்ற பொருள் அது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் உடற்கூட்டில் மேற்பகுதிப் பலகைகள் பல அதால் ஆனவை. விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே மைனஸ் 55 டிகிரி இருக்கும்.

பட்டறைக்காரர் இதைப் படித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். விமானத்தில் நிற்பது பட்டாணிக் கிடங்கில் நிற்காதா என்று நினைத்திருக்கிறார். நுனிகளில் 0.5 மி.மீ. தகடு ஐந்து, மிச்சம் 5.5 மி.மீ. கண்ணாடி நார்த் துணியும் எபாக்சியும். அழுத்திச் சுட ஒரு பிரஸ் வேண்டுமே? மூடிப்போன ஒரு தோல் பதனிடும் ஆலையில் இருந்து பழைய இஸ்திரி பிரஸ் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் சூட்டுத்தட்டு பிரஸ். தட்டு 120 டிகிரிவரை போகும், அழுத்தம் சீராக இருக்கும். நானே அதைப் போய்ப் பார்த்தேன். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான இயந்திரம் நம் பக்கத்தில் கிடைக்காது. பட்டையின் நடுப்பகுதியில் ஒரு குறையும் இல்லை, பிசினில் காற்றுக்குமிழிகூட இல்லை.

எட்டு இணைப்புகள்

ஒவ்வொரு பட்டைக்கும் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். மேல் இணைப்பு மச்சில், வெயில் காலத்தில் 40 டிகிரிக்கும் மேலே வேகும் இடத்தில். கீழ் இணைப்பு மைனஸ் 25-இல், யூனிட்டின் தோளில். இரண்டு பக்கமும் ஒரே வடிவம்: 6 மி.மீ. எஃகுத் தகடுகள் இரண்டு கவட்டைபோல் நிற்க, நடுவே 8 மி.மீ. பட்டை, குறுக்கே ஒரு எம்10 (10 மி.மீ. விட்ட) போல்ட். எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே நாளில் முறுக்கியிருக்கிறார், கத்திரி வெயிலில், குளிர் இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன்னால்.

ஆக, தானாகவே ஒரு சோதனை அமைந்துவிட்டது. பொருள் ஒன்று, போல்ட் ஒன்று, கை ஒன்று. நான்கு வெயிலில், நான்கு குளிரில்.

மேலே இருந்த நான்கையும் முதலில் பார்த்தேன். எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சை 20 நியூட்டன் மீட்டரில் வைத்து முறுக்கும் திசையில் மெதுவாகத் தள்ளினால், இரண்டு அசையவே இல்லை, இரண்டு கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்து நின்றன. பிசின் நாளாக நாளாகக் கொஞ்சம் அமுங்கும், அதிலும் சூட்டில் கூடுதலாக அமுங்கும். அது எதிர்பார்த்ததே. கீழே உடையாமல் நின்ற மூன்றில் ஒன்று கையாலேயே சுற்றியது. மற்ற இரண்டும் ஸ்பேனர் பட்டதும் வந்தன. கழற்றிப் பார்த்தால் துளை வட்டமாக இல்லை. சுமை இருக்கும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. துளைச் சுவரில், விரல் நகத்தால் வருடினாலே தெரிகிற மாதிரி, போல்ட்டின் மரை வரிவரியாகப் பதிந்திருந்தது. நுனிவரை மரை வெட்டிய போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். பிடிப்பு இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. பிடிப்பு போய்விட்டால் அந்த மரையே அரம்.

அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். சந்தையில் பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதுதான். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் டொக் என்று மந்தமாகிவிடும். மந்தமான இடங்களைச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். கீழ் நுனிகள் நான்கிலும் துளையைச் சுற்றி ஒரு திட்டு, அலுமினியத் தகடு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு திட்டு. மேல் நுனிகளில் ஒன்றில் மட்டும், டிரில் வெளியே வந்த பக்கம், கடுகளவு. குளிரில் இருந்தவை மட்டும் ஏன் இப்படி?

முதல் சந்தேகம்: குளிரில் ஃபைபர் நொறுங்கிப்போகிறது

கிடங்குக்காரர் இதைத்தான் உறுதியாகச் சொன்னார். "பீங்கான் மாதிரி ஆயிடுது சார் உள்ள." பிளாஸ்டிக் கூடை உள்ளே உடைவதை அவர் தினமும் பார்க்கிறார், அதனால் அந்த நினைப்பு.

பொருளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. குளிரில் எபாக்சி விறைக்கும், வலிமை கூடும், ஆனால் விரிசலை நிறுத்தும் திறன் குறையும். கண்ணாடி நாரின் வலிமையும் குறைவதில்லை. எஃகு சில வகைகள் குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே திடீரென்று நொறுங்கும் குணத்துக்கு மாறும். அலுமினியத்தின் படிக அமைப்பு வேறு, அதற்கு அந்த மாற்றமே கிடையாது. திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியிலும் அது இளகும் குணத்தை விடாது. ஆகவே துளைச் சுவர் தாங்கும் வலிமை குளிரில் பொதுவாகக் கூடவே செய்யும். இந்த வகைப் பலகைகளுக்கு மிக மோசமான நிலை சூடும் ஈரமும் சேர்ந்தது. வேலூர் சித்திரையும் மழையும் சேர்ந்தால் எப்படியோ அப்படி.

சொல்லிவிட்டால் போதுமா? பட்டறையில் மிச்சமிருந்த பலகையில் துண்டுகள் வெட்டி, ஊரிலுள்ள ஒரு கல்லூரியின் இழுவை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தோம். பாதி சாதாரண வெப்பத்தில், பாதி உலர் பனிக்கட்டி நிரப்பிய தெர்மோகோல் பெட்டிக்குள். உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரியில் ஆவியாவது, கிடங்கைவிட நிறையவே குளிர். அந்த ஆவி கரியமில வாயு என்பதால் சன்னல்களைத் திறந்துவைத்தோம். மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது. வகைக்கு மூன்று துண்டுதான் என்பதால் எண்களை இங்கே எழுத மாட்டேன், மூன்று துண்டை வைத்து எண் சொல்வது நேர்மையில்லை. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்ததைச் சொல்லலாம்.

சாதாரண வெப்பத்தில் இழுத்தபோது பொரிகடலை வறுக்கிற மாதிரி சடசடவென்று சத்தம் நெடுநேரம் வந்தது. போல்ட்டுக்கு முன்னால் அலுமினியம் உதடுபோல் பிதுங்கியது. துளை நீண்டது. இயந்திரத்தில் சுமையைக் காட்டும் முள் மெதுவாகச் சரிந்தது. குளிரில் அதே துண்டு கூடுதல் சுமையைத் தாங்கியது, மூன்றும் அப்படியே. ஆனால் சடசடப்பு இல்லை. அமைதியாக ஏறி, ஒரே வெடிச் சத்தத்தில் முடிந்தது. வெளியே எடுத்த நொடியில் துண்டு முழுக்க வெண்பனி பூத்து, எங்கே உடைந்தது என்பதே தெரியவில்லை. துடைத்துப் பார்த்தால், துளையிலிருந்து விளிம்புவரை குறைந்த தூரமே விட்டிருந்த துண்டுகள் எல்லாம் ஓலை கிழிந்த மாதிரி உருவிக்கொண்டு போயிருந்தன. விளிம்புத் தூரம் கூடுதலாக விட்டவற்றில் துளைச் சுவர்தான் நசுங்கியிருந்தது.

இன்னொன்றும் செய்தோம். நட்டை விரலால் மட்டும் திருப்பிவிட்டு, முறுக்காமல் இழுத்தோம். சாதாரண வெப்பத்திலும் சரி குளிரிலும் சரி, தாங்கிய சுமை தெளிவாக இறங்கியது. வாஷர் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்திருந்தால் துளைச் சுவர் பக்கவாட்டில் பிதுங்க இடமில்லை. அடுக்குகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய முடியாது. பிடியை எடுத்துவிட்டால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக மடங்கும். குளிர் கொடுத்த கூடுதல் வலிமை, பிடிப்பு போனதில் போய்விட்டது. இந்த வழக்கின் திறவுகோல் இங்கேதான் கிடைத்தது.

13 மைக்ரான்

இனி கணக்கு. தலைமுடியைவிடச் சன்னமான ஒரு நீளத்தைப் பற்றிய கணக்கு இது. மைக்ரான் என்பது ஒரு மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

போல்ட்டை முறுக்குவது என்றால் அதை நீட்டுவது. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கும், அந்த ஆசைதான் பிடிப்பு. எம்10 போல்ட்டில் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் பிடிப்பு ஏறத்தாழ 10 கிலோ நியூட்டன். அப்போது 20 மி.மீ. பிடிநீளத்தில் போல்ட் நீள்வது சுமார் 17 மைக்ரான். பட்டை தடிமன்வாக்கில் அமுங்குவது சுமார் 27. எஃகுத் தகடுகள் 3. ஆக மொத்தம் 47 மைக்ரான். இணைப்பின் கையிருப்பு இவ்வளவே.

இப்போது குளிரவிடுவோம். எஃகு ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கும். அலுமினியம் 23. கண்ணாடி நார்ப் பலகை நார் ஓடும் திசையில் குறைவாகத்தான் சுருங்கும். தடிமன்வாக்கில் நார் கிடையாது, பிசினின் ஆட்சிதான், அங்கே 45 என்று வைக்கலாம். 5.5 மி.மீ. கண்ணாடி, 2.5 மி.மீ. அலுமினியம், சராசரி 38. எஃகைவிட 26 அதிகம். முறுக்கிய அன்று 40 டிகிரி, கிடங்கு மைனஸ் 25. வித்தியாசம் 65 டிகிரி. 8 மி.மீ. பட்டை போல்ட்டைவிடக் கூடுதலாகச் சுருங்குவது 13 மைக்ரானுக்குச் சற்று மேல்.

47-இல் 13 போனால், பிடிப்பில் கிட்டத்தட்ட 30 சதவீதம் காலி. யாரும் தொடாமல், யூனிட் ஓடத் தொடங்கிய முதல் நாளிலேயே.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். குளிர் என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது என்றே நாம் நினைக்கிறோம். இணைப்புக்குப் பூஜ்ஜியம் தெரியாது. முறுக்கிய நேரத்து வெப்பம்தான் அதற்குத் தொடக்கம். ஊட்டியில் 15 டிகிரியில் முறுக்கியிருந்தால் இதே கிடங்கு அதற்கு 40 டிகிரிக் குளிர்தான். கத்திரி வெயிலில் முறுக்கியதால் 65 டிகிரிக் குளிர். பிசினும் உலோகமும் ஒட்டிய இடத்துக்கோ தொடக்கம் இன்னும் மேலே. பிரஸ்ஸில் 120 டிகிரியில் இறுகியது அது. அங்கிருந்து மைனஸ் 25-க்கு 145 டிகிரி இறக்கம். அலுமினியம் சுருங்கப் பார்க்கும், நார் விடாது. அந்த இழுபறியில் வெளிச்சுமை ஒரு கிலோகூட இல்லாதபோதே அலுமினியத் தகட்டில் சுமார் 40 மெகா பாஸ்கல் (சதுர மி.மீட்டருக்கு 40 நியூட்டன்) இழுவை நிற்கிறது. அந்த இழுவை முழுதும் தகடு முடியும் விளிம்பிலும் துளையோரத்திலும்தான் பிசின்மேல் ஏறுகிறது. சாக்பீஸ் கோடுகள் விழுந்ததும் அதே இரண்டு இடங்களில்தான்.

சரி, 30 சதவீதம் போனால் உடைந்துவிடுமா? உடையாது. ஆனால் சுமை எந்த வழியாகப் போகிறது என்பது மாறும். பனியோடு சேர்த்து யூனிட் 700 கிலோ என்றால் பட்டைக்கு 175 கிலோ, சுமார் 1.7 கிலோ நியூட்டன். முறுக்கிய அன்று பிடிப்பு 10, உராய்வுக் கெழு 0.15, இரண்டு முகங்கள்: உராய்வு மட்டுமே 3 கிலோ நியூட்டன் தாங்கும். போல்ட்டின் உடல் துளைச் சுவரைத் தொட வேண்டியதே இல்லை. குளிர்ந்த பிறகு பிடிப்பு 7, உராய்வு தாங்குவது 2.1. இன்னும் போதும், ஆனால் நூலிழையில். பிசின் அமுங்குவது கொஞ்சம், எஃகின் பெயிண்ட் நசுங்குவது கொஞ்சம், மின்விசிறியின் அதிர்வு கொஞ்சம். 1.7-க்குக் கீழே இறங்கியதும் பட்டை வழுக்கி, 11 மி.மீ. துளைக்குள் 10 மி.மீ. போல்ட்டின்மேல் உட்காருகிறது. அன்று முதல் விசிறியின் ஒவ்வொரு அதிர்வும் ஒரு சின்னச் சுத்தியல் அடி.

துளைச் சுவரின்மேல் வரும் சராசரி அழுத்தம் எவ்வளவு? 1,700 நியூட்டனை 10 மி.மீ. விட்டத்தாலும் 8 மி.மீ. தடிமனாலும் வகுத்தால் 21 மெகா பாஸ்கல். இந்த மாதிரிப் பலகை நல்ல நிலையில் சில நூறு மெகா பாஸ்கல் தாங்கும். பட்டறைக்காரரின் கேள்வி நியாயம் என்று சொன்னது இதனால்தான். எடைக் கணக்கில் எந்தத் தவறும் இல்லை.

தண்ணீர்

மிச்ச வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. காயிலில் சேரும் பனியை உருக்க ஒரு நாளைக்குப் பலமுறை ஹீட்டர் ஓடும். உருகிய நீர் தோள் வழியாக வழிந்து கீழ் இணைப்பில் தேங்கும், ஹீட்டர் நின்றதும் உறையும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். துளையோரம் டிரில் போடும்போதே லேசாக வாய் பிளந்திருந்தது. பின்னால் மரப்பலகை கொடுக்காமல் ஒரே மூச்சில் துளை போட்டதன் அடையாளம் அது. அந்த வாயில் புகுந்த நீர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆப்பு.

உடைந்த நுனியில் இரண்டு அடுக்குகளைக் கத்தி நுழைத்துப் பிரித்தேன். உள்ளே அலுமினியம் பளிச்சென்று இருந்தது. எமரி தேய்த்த கீறல்கள் ஒரே திசையில், முதல் நாள் தேய்த்த மாதிரி. அதன்மேல் பிசினின் ஒரு துணுக்குகூட இல்லை. விளிம்பை ஒட்டி மட்டும் வெள்ளைப் பொடி, அலுமினியம் ஈரத்தில் அரித்ததால் வந்தது. பிசின் பிளந்திருந்தால் இரண்டு பக்கத்திலும் பிசின் இருந்திருக்கும். இங்கே ஒட்டு விட்டிருக்கிறது. தகட்டை எமரியால் தேய்த்து, தின்னரால் துடைத்து, மறுநாள் ஒட்டியதாகப் பட்டறைப் பையன் சொன்னான். அந்த ஓர் இரவில் அலுமினியத்தின்மேல் புதிய ஆக்சைடும், காற்றின் ஈரமும், யார் யாருடைய விரலோ. உலர்ந்த இடத்தில் அது பல வருடம் நிற்கும். மேல் நுனிகள் நின்றனவே. ஈரமும் உறைவும் சேர்ந்த இடத்தில் நிற்காது.

விமானத் தொழிலில் இந்தத் தகட்டுக்கு அமிலத் தொட்டியில் மின்முலாம் போன்ற ஒரு வேலை உண்டு. அனோடைசிங் என்பார்கள். குரோமிக் அமிலம் அதற்குப் பேர்போனது. ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு அதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து, மழைக்குமழை நிலத்தடி நீரில் இறங்கி, மஞ்சள் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. வேறு வழிகள் இருக்கின்றன.

விளிம்புத் தூரம்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். துளையின் நடுவிலிருந்து பட்டையின் விளிம்புக்கு 20 மி.மீ. விட்டிருந்தார்கள், போல்ட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. எஃகுக்கு இது தாராளம். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 800-இன்படி துளை விட்டத்தில் 1.5 அல்லது 1.7 மடங்கு போதும். முப்பது வருடப் பழக்கம் அதைத்தான் கையில் எடுத்துக் கொடுத்தது. நார்ப் பலகைக்குக் குறைந்தது மூன்று மடங்கு வேண்டும், அகலமும் அதற்கேற்ப. அதோடு, துணி முழுக்க நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மட்டுமே அடுக்கப்பட்டிருந்தது. 45 டிகிரி சாய்ந்த அடுக்கு ஒன்றுகூட இல்லை. உருவிக்கொண்டு வருவதைத் தடுப்பது அந்தச் சாய்ந்த நார்கள்தான். அவை இல்லாவிட்டால் ஓலைதான்.

துளை நீண்டு, விளிம்புத் தூரம் இன்னும் தேய்ந்து, அடுக்குகள் பிரிந்து, ஒரு பட்டை தளர்ந்ததில் சுமை மற்ற மூலைவிட்டத்தில் இருக்கும் இரண்டு பட்டைகளின்மேல் ஏறி, கடைசியில் கம்பியடி. அந்தப் பையன்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அவன் தட்டாவிட்டால் வேறு ஏதோ ஒரு நாள், கீழே ஆள் நிற்கும்போது உடைந்திருக்கும்.

மாற்றியவை

புதிய பட்டைகளில் விளிம்புத் தூரம் 35 மி.மீ. சாய்ந்த அடுக்குகள் சேர்த்தோம். ஐந்து அலுமினியத் தகடுகளும் ஒரே கோட்டில் முடியாமல், படிக்கட்டுபோல் ஒன்றைவிட ஒன்று 10 மி.மீ. தள்ளி முடிகின்றன. இழுபறி ஒரே இடத்தில் குவியாமல் இருக்க அது.

தகட்டை மணல் ஊதிச் சொரசொரப்பாக்கி, பிசின் உலோகத்தில் நன்றாக ஒட்ட உதவும் சிலேன் என்ற ரசாயனத்தைப் பூசி, ஒரு மணி நேரத்துக்குள் அடுக்கிப் பிரஸ்ஸில் வைக்க வேண்டும். சுத்தமா என்பதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. சிலேன் பூசுவதற்கு முன் நல்ல தண்ணீரைத் தகட்டின்மேல் ஊற்றினால் உடையாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவு. தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதுபோல் இதைப் பையன் ஒரே நாளில் பழகிக்கொண்டான். வெறும் கையால் தொடாதே என்பதுதான் இரண்டு நாள் எடுத்தது.

துளையை மரப்பலகை கொடுத்துச் சின்னதாகப் போட்டு, துளையைச் சீராக்கிப் பெரிதாக்கும் ரீமரால் சரியளவுக்குக் கொண்டுவந்தோம். துளைச் சுவரிலும் வெட்டிய விளிம்புகளிலும் மெல்லிய எபாக்சி பூச்சு, தண்ணீர் உள்ளே போகாமல். போல்ட்டில் பட்டைக்குள் வரும் பகுதிக்கு மரை கிடையாது.

போல்ட் பொருளை மாற்றியதுதான் எனக்குப் பிடித்த பகுதி. துருப்பிடிக்காத எஃகு போல்ட் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 17 பங்கு சுருங்கும், சாதாரண எஃகைவிட அதிகம். அதே கவட்டைத் தகடுகள் 12-இல் நிற்க, போல்ட் 17-இல் சுருங்குவதால் போகும் பிடிப்பில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. 13 மைக்ரான் 7 ஆகிறது. இழப்பு பாதி. இதற்கு மேல் டிஸ்க் ஸ்பிரிங் வாஷர், ஸ்பிரிங்போல் அமுங்கி எழும் குழிந்த வாஷர். முறுக்கும்போது அது 0.2 மி.மீ. அமுங்கினாலே கையிருப்பு 47 மைக்ரானிலிருந்து 250-க்குப் பக்கத்தில் போய்விடுகிறது. அப்போது பழைய 13 மைக்ரானே போனாலும் 5 சதவீதம்தான். துருப்பிடிக்காத எஃகில் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் என்பதால் பேஸ்ட் தடவ வேண்டும். பேஸ்ட் தடவினால் அதே முறுக்குக்குப் பிடிப்பு கூடும், ஆகவே முறுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எப்போது முறுக்குவது? காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன். 15 டிகிரி குறைத்தால் இழப்பில் நான்கில் ஒரு பங்கு குறைகிறது, காசில்லாமல். மறுநாள் காலை ஒருமுறை சரிபார்த்து முறுக்கிவிட்டு, பிறகே குளிர் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். உள்ளே குளிர்ந்த பிறகு முறுக்கினால் என்ன என்று பட்டறைக்காரர் கேட்டார். குளிரில் பேஸ்ட் கெட்டியாகும், ரெஞ்ச் காட்டும் எண்ணை நம்ப முடியாது. பராமரிப்புக்காக அறையைச் சூடாக்கும் அன்று பட்டை விரிந்து பிடிப்பு ஏறி, வாஷருக்கு அடியில் பிசின் நசுங்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் வேண்டாம் என்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, யூனிட்டைச் சுற்றி இரண்டு துருப்பிடிக்காத எஃகு வயர் ரோப். பட்டை நான்கும் போனாலும் யூனிட் ஒரு சாணுக்குமேல் இறங்காது. பட்டறைக்காரருக்கு இது கொஞ்சம் மனக்கஷ்டம்தான், தன் பட்டைமேல் நம்பிக்கை இல்லையா என்று. "கீழ நிக்கிறவங்களுக்காகண்ணே" என்றேன். மறுபேச்சு இல்லாமல் அவரே அதற்கு ஷேக்கிள் வாங்கி வந்தார்.

இந்தக் கத்திரி வெயில் முடிந்ததும் அறையைக் காலி செய்து சூடாக்கிய நாளில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு நட்டிலிருந்தும் வாஷர் தாண்டி எஃகுவரை வெள்ளை பெயிண்டில் கோடு இழுத்திருந்தோம். எட்டில் ஏழு கோடுகள் நேராக இருந்தன. நாணயத்தால் தட்டினால் எட்டிலும் கணீர். எட்டாவது, தண்ணீர் வழியும் மூலையில் இருப்பது, கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தது. ரெஞ்ச் வைத்ததும் சற்றே நகர்ந்து கிளிக் என்றது. வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சளில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதிவிட்டு இறங்கினேன்.